நூறடிக்கு அந்தப் பக்கம்

காலை பத்தரை மணிக்கு மதிவதனி ரோட்டைத் தாண்டிப் போனாள். பதினொன்றே காலுக்கு ரோட்டை மூடிவிட்டார்கள்.

இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அவள் போனது கோபத்தில், அவர்கள் மூடியது திட்டப்படி. ஆனால் இடையில் இருந்த அந்த முக்கால் மணி நேரத்தின் அருமை தெரிந்திருந்தால், புகழேந்தி கிரைண்டரை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஓடியிருப்பான்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், தென்புறத்தில் அவனுடைய இட்லி மாவுக் கடை. முன்னால் ஷட்டர், நடுவில் கிரைண்டர் அறை, பின்னால் அடுப்படியும் படுக்கையும். நேர் எதிரே, மலைப் பக்கம், மதிவதனி பிறந்த வீடு. இப்போது அவள் தம்பி மணிவேலும் அவன் மனைவி கவிநிலாவும் இருக்கிறார்கள். வாசலுக்கும் வாசலுக்கும் நூறடி.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். மற்ற பெண்கள் கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனால் பை தூக்குவார்கள், பஸ் ஏறுவார்கள், தெருவே வேடிக்கை பார்க்கும். மதிவதனி செருப்பை மாட்டுவாள், அவ்வளவுதான். சாம்பாரில் புளி ஜாஸ்தி என்று அவன் சொன்னதற்குப் போயிருக்கிறாள். மகள் இனியாவை ஓசூருக்கு வேலைக்கு அனுப்பியதற்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்கும் ஒரு முறை இருந்தது. விளக்கு வைப்பதற்குள் புகழேந்தி தானே நடந்து போக வேண்டும். தூது கூடாது, போன் கூடாது. கேட்டுக்கு வெளியே நின்று, "உப்புப் போடணும், வர்றியா?" என்று கேட்க வேண்டும். மாவுக்கு உப்புப் போடுவது அவள் கைதான். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அவளும் வந்துவிடுவாள். எதற்காகப் போனாள் என்ற பேச்சு பாதி ரோட்டிலேயே தீர்ந்துவிடும்.

இந்த முறை காரணம் சிவப்பு பெயின்ட்.

உளுந்துப் பையோடு சந்தையிலிருந்து வந்தவள், கிரைண்டர் அறைச் சுவரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறியைப் பார்த்தாள். அடுப்படிச் சுவரில் இன்னொன்று. பீரோவுக்கு மேலே ஒன்று.

"இன்னாய்யா இது?"

"அளந்துட்டுப் போனாங்க. அந்த அபார்ட்மென்ட் கம்பெனிக்காரங்க. நம்ம இடம், பக்கத்துக் கடை பாய் இடம், பின்னால இருக்கற காலி மனை, மூணையும் சேத்து ஆறு மாடி. நமக்கு நாலாவது மாடில வீடு, கீழ ஒரு கடை. பால்கனில நின்னா மலை முழுசாத் தெரியுமாம் மதி."

"நீ இன்னா சொன்ன?"

"சரி, பாருங்கன்னேன்."

"என்னக் கேட்டியா?"

"நீ சந்தைக்குப் போயிருந்த."

"சந்தைக்குத்தான போயிருந்தேன்? செத்தா போயிருந்தேன்?"

பையை இறக்கினாள். செருப்பை மாட்டினாள்.

அவன் தடுக்கவில்லை. கிரைண்டரில் பன்னிரண்டு கிலோ அரிசி பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. சாயந்தரம் போய் உப்புக்குக் கூப்பிட்டால் ஆயிற்று.

சாயந்தரம் ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினான். பாதி தூரத்தில் நின்றான். நடு ரோட்டில் இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் கல். ஒன்றோடு ஒன்று கோத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை ஒரே கோடு. மேலே கம்பி வலை மாட்டுவதற்கு இரண்டு பேர் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதிர்ல போவணும்ணே."

"ஊர்ப் பக்கம் போங்க. ஒன்னேகால் கிலோமீட்டர்ல கல்லு போடாம கேப் வுட்டிருக்காங்க. சுத்திக்கினு வரலாம்."

"இதோ தெரியுது பாருங்க, அந்த வீட்டுக்கா?"

"நான் இன்னாண்ணே பண்றது? கல்லு நடத்தான் என்னக் கூப்ட்டாங்க."

போக ஒன்றேகால், எதிர்ப் பக்கத்தில் திரும்பி வர ஒன்றேகால். நடைபாதை என்று ஒன்று இல்லை. கால்வாய் மூடியில் பாதி உடைந்து கிடந்தது, மீதியின் மேல் கார் நின்றது. புகழேந்தி பக்கத்து டிரான்ஸ்பார்மர் வரை நடந்தான். ஒரு டிப்பர் லாரி உரசிக்கொண்டு போனதில் அவன் வேட்டி மேலே ஏறி இறங்கியது. நின்றான். கடையில் மாவு காத்திருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்து போன் போட்டான்.

"மதி... உப்புப் போடணும்..."

"போன்ல உப்புக் கேக்கறியா நீ?"

வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் போயிருக்கலாம். ஆனால் அடுத்த நாள் போவது வேறு விஷயம். அன்றைக்கே போனால் அது உப்பு. மறுநாள் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினால் அது பஞ்சாயத்து. ஒரு வாரம் கழித்துப் போனால், ஒரு வாரமாக ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அவனிடம் பதில் இல்லை. பதில் இல்லாத ஆள் இன்னொரு வாரம் தள்ளிப்போடுவான். இப்படித்தான் தை போய் மாசி போய், பங்குனி வெயில் வந்து கடை வாசலில் நின்றது.

*

வெயில் காலத்து மாவு பொல்லாதது. காலையில் பொங்கும், மதியம் புளிக்கும், சாயந்தரம் டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டும். மதிவதனி இருந்தபோது வானத்தைப் பார்த்து உளுந்தைக் கூட்டுவாள், குறைப்பாள். உள்ளங்கையைக் குழித்து உப்பை அள்ளிப் போடுவாள். புகழேந்தியும் அள்ளித்தான் பார்த்தான். அவன் கை பெரிது. கரண்டியில் போட்டுப் பார்த்தான், கம்மியாகப் போனது.

"அண்ணே, அக்கா இல்லியா?" என்பார்கள் வாடிக்கைக்காரர்கள். "தோசை கல்ல வுட்டு வரமாட்டேங்குது."

"கல்லு சரியில்லம்மா."

"கல்லு அதே கல்லுதாண்ணே."

பக்கத்து மெத்தைக் கடை ஜானி பாஷா பஞ்சுத் தலையோடு வந்து ஷட்டரில் சாய்ந்துகொண்டார். வாடகை அறைகளில் தங்கும் வெள்ளைக்காரர்களுக்கு மெத்தை தைத்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்.

"புகழு, விஷயம் தெரியுமா? உன் சம்சாரம் பிராஞ்ச் தொறந்துட்டா."

"இன்னா பாய் சொல்றீங்க?"

"மணிவேல் வீட்டு ஷெட்டுல புது கிரைண்டர் ஓடுது. அந்தப் பக்கம் எட்டு மாடி கட்டினாங்க பாரு, அந்த ஜனம் பூரா அவகிட்டதான் வாங்குது. தினமும் அறுபது பாக்கெட்டாம். நம்ம பேத்தி சொல்லுது, அந்த மாவுல சுட்டா இட்லி பஞ்சாட்டம் இருக்குதாம். பஞ்சப் பத்தி எனக்குத் தெரியும், அதனால நம்பறேன்."

புகழேந்தி மாவுப் பாக்கெட்டின் வாயை ரப்பர் பேண்டால் கட்டினான். ஒரு சுற்று போதும். மூன்று சுற்று சுற்றினான்.

"நீ போய்க் கூப்புடேன்யா."

"எப்டிப் போறது பாய்?"

"வண்டில நான் கொண்டுபோய் வுடறேன்."

"வண்டில போனா நல்லாருக்காது."

"அரே! நடந்து போவ தூரம், வண்டில போவ வெக்கம். உனக்கு ஹெலிகாப்டர்தான் வெக்கணும்."

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவன் முதல் வேலை எதிரே பார்ப்பது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் துண்டு துண்டாக அந்த வீடு தெரியும். கேட் தெரியும். கொடியில் அவளுடைய கத்தரிப்பூ நிறச் சேலை தெரியும். அவள் தெரிய மாட்டாள். ஒரு செங்கம் பஸ் போய், அடுத்த பஸ் வருவதற்குள் இருக்கும் இடைவெளியில் அவள் வெளியே வந்துவிட்டு உள்ளே போய்விட்டாளோ என்று அடுத்த இடைவெளிக்குக் காத்திருப்பான். பத்து மணி வரை அப்படி நிற்பான். பிறகு வெயில் முகத்தில் அடிக்கும். மூன்று மணிக்கு உள்ளே போய் கிரைண்டரைப் போட்டால் நாலரை வரை வெளியே தலை காட்ட முடியாது.

புதுக் கடை, புது ஜனம், அறுபது பாக்கெட். அவளுக்கு இந்தப் பக்கத்தில் இனி என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி மட்டும் கிரைண்டர் சத்தத்திலும் கேட்டது.

கம்பெனிக்காரர்கள் பேப்பரோடு இரண்டு முறை வந்தார்கள். ஜானி பாஷா பெரிய மகனைக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். புகழேந்தி பேப்பரைத் தொடாமல் மாவு கட்டிக்கொண்டிருந்தான்.

*

சித்ரா பௌர்ணமி அன்று ஒரு வழி தெரிந்தது.

பௌர்ணமிக்கு வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ரோடு முழுக்க கிரிவலம் போகிற ஜனம். லாரி இல்லை, டிப்பர் இல்லை. அந்த ஒரு நாள்தான் செங்கம் ரோட்டில் மனிதன் பயமில்லாமல் கால் வைக்கலாம். மதியம் மூன்று மணிக்கே கூட்டம் கட்டிவிட்டது. புகழேந்தி கிரைண்டரை நிறுத்தினான். முகம் கழுவினான். வெள்ளைச் சட்டை போட்டான்.

"பாய், கடையப் பாத்துக்கங்க. நடந்தே போறேன்."

"போ ராஜா. அப்படியே எனக்கும் பத்து இட்லி வாங்கினு வா."

வாசலை விட்டு இறங்கி ஊர்ப் பக்கம் திரும்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கேப் இருப்பது கிழக்கே. கிரிவலம் போவது மேற்கே. லட்சம் பேர் ஒரே திசையில் வருகிறார்கள், இவன் ஒருவன் எதிரே போகிறான்.

"சாமி, எதிர்ல வராதீங்க."

"கொஞ்சம் வழி வுடுங்கம்மா, அவசரம்."

"இன்னா அவசரம்? சுத்திட்டே வாங்க, எல்லாம் சரியாப் போவும்."

சுற்றிக்கொண்டே போனால் பதினாலு கிலோமீட்டர். கேப்புக்குப் போய்ச் சேர மலையையே ஒரு சுற்று வர வேண்டும். அவன் ஓரமாக ஒதுங்கினான். ஓரத்தில் மோர்ப் பந்தல். அதைத் தாண்டினால் அன்னதான வரிசை, வரிசையை உடைக்கிறான் என்று நாலு பேர் கத்தினார்கள். ஒரு அம்மாவின் காலை மிதித்தான். அவள் வைதது சாமி பாட்டோடு கலந்து போனது. டிரான்ஸ்பார்மர் வரை போனவனைக் கூட்டம் அப்படியே அலாக்காகத் தூக்கி, மெத்தைக் கடை வாசலில் கொண்டுவந்து விட்டது.

ஜானி பாஷா அவனைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் யாரோ கொட்டிய பொங்கல்.

"இட்லி எங்கய்யா?"

புகழேந்தி கம்பி வலை வழியாக எதிர் வீட்டைப் பார்த்தான். நடுவில் போய்க்கொண்டே இருந்தார்கள் ஜனங்கள். உலகத்தில் எல்லாரும் நடந்தார்கள்.

*

வைகாசி முதல் வாரத்தில் பூஜா வந்தாள். தலையில் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவக் கட்டு. ரோட்டை இன்னும் மாற்றப் போகிறார்களாம். நடைபாதை வேண்டுமா, எங்கே வேண்டும், புதுக் கட்டடங்கள் வருவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்பதற்குச் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் அனுப்பியிருந்தது. தண்ணீர் கேட்டாள். கொடுத்த செம்பை ஒரே மூச்சில் காலி செய்தாள்.

"சார், மூணாவது கேள்வி. இந்தப் பகுதியில அடுக்குமாடி வர்றத ஆதரிக்கிறீங்களா?"

"சம்சாரத்தக் கேக்கணும்."

"இருக்காங்களா சார்?"

"எதிர் சைடுல."

"அப்ப அவங்க அங்க தனியா ஃபில் பண்ணுவாங்க சார். அது வேற வீடு." தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே போனாள். "ஏழாவது கேள்வி. ஒரு நாளைக்கு எத்தன முறை ரோட்டக் கடக்கறீங்க?"

"இப்பவா?"

"ஆமா சார், இப்ப."

"ஒரு தடவையும் இல்லியேம்மா. எப்டிக் கடக்கறது?"

அவள் சைபர் போட்டாள். ஜானி பாஷாவும், "நான் இன்னா குரங்கா, தாண்டறதுக்கு? சைபர் போடு" என்றார். அடுத்த டீக்கடையும் சைபர். அதற்கடுத்த காய்கறிக் கடையும் சைபர். பொய் சொல்லத் தெரியாத ஜனம். கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

*

கருத்துக் கேட்புக் கூட்டம் மலைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில். காலை பதினொரு மணி. புகழேந்தி ஜானி பாஷாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனான். கூட்டத்துக்குப் போவதில் வெட்கம் இல்லை.

உள்ளே நுழைந்ததும் கண் பெண்கள் பக்கம்தான் போனது. நாலாவது வரிசையில், கவிநிலாவுக்குப் பக்கத்தில், கத்தரிப்பூ நிறச் சேலை. இளைத்திருந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது. நாலு மாதத்தில் வந்ததா, முன்பே இருந்து இவன் பார்க்காததா என்று தெரியவில்லை. அவள் இவனைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மேடையில் பொறியாளர் ஒருவர் திரையில் படம் காட்டினார். "தென்புறத்துல இருநூத்திப் பன்னெண்டு வீடு, கடைகள்ல கேட்டிருக்கோம். தினசரி சாலையைக் கடப்பவர்கள், சைபர். மலைப் பக்கமும் கிட்டத்தட்ட சைபர். ஆகவே இந்த இடத்துல கேப் திறக்க வேண்டிய தேவை இல்லைன்னு ஆய்வுல தெரிய வருது."

மண்டபத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

"மூடி வெச்சிட்டு, ஏன் போவலன்னு கேக்கறீங்களா?"

"சார், சார்! என் வாயத் தெச்சிட்டு, இவனுக்குப் பசியே இல்லன்னு எழுதுவீங்களா நீங்க?" இது ஜானி பாஷா. ஊசி பிடிக்கிற ஆளுக்கு உவமையும் ஊசியாகத்தான் வந்தது.

எட்டு மாடிக் கட்டடத்துச் சங்கச் செயலாளர் பாலாஜி மைக்கை வாங்கினார். இஸ்திரி போட்ட டி-ஷர்ட். "எங்களுக்கு கேப் வேணாம் சார். திறந்தா எங்க கேட் முன்னாடி ஆட்டோ வந்து நிக்கும். பசங்க விளையாடற இடம்."

"நீ கார்ல போற, உனக்கு இன்னா? நாங்க எதுல போறது?"

"வாக்கிங் போகணும்னா எங்க காம்பவுண்டுக்குள்ளயே டிராக் இருக்கு சார்."

"காம்பவுண்டுக்குள்ள சுத்தறதுக்குப் பேரு நடையா? காய் வாங்க நடக்கறது நடை இல்லியா?"

பொறியாளர் கையை உயர்த்தினார். "பதிவுல இருக்கறதத்தான் நான் சொல்ல முடியும். எல்லாரும் சைபர்னுதான் குடுத்திருக்கீங்க. ஒரே ஒரு படிவத்துல மட்டும் 'அரை'ன்னு இருக்கு. ஒரு நாளைக்கு அரை முறை. அது எழுதினவங்களுக்குக் கேள்வி புரியல போல. அதை நீக்கிட்டோம்."

சிரிப்பு எழுந்தது. சிரிப்புக்கு நடுவில் நாலாவது வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"எனக்குப் புரிஞ்சிதுங்க. நான்தான் எழுதினேன்."

புகழேந்தியின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அரை முறைன்னா எப்படிம்மா?" என்றார் பொறியாளர்.

"மூணே காலுக்குக் கெளம்புவேன். இந்தப் பக்கத்து ரெண்டு லைனத் தாண்டி நடுவுல இருக்கற கல்லு வரைக்கும் வருவேன். கொஞ்ச நேரம் நிப்பேன். திரும்பிப் போயிருவேன். அது அரைதானே?"

யாரும் சிரிக்கவில்லை.

"எதுக்கும்மா அங்க வந்து நிக்கறீங்க? ஆபத்தாச்சே."

மதிவதனி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிறகு மைக்கைப் பார்க்காமல், பொறியாளரைப் பார்க்காமல், எதிர் வரிசைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எதிர்ல எங்க கடை. அந்நேரத்துக்கு எங்க வூட்டுக்காரரு கிரைண்டர் போட்டிருப்பாரு. கல்லாண்ட நின்னா சத்தம் கேக்கும். லாரி இல்லாதப்ப நல்லாக் கேக்கும். தண்ணி பத்தாம ஓடுதுங்க. நாலு மாசமா தெனம் பத்தாமதான் ஓடுது. இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துன்னு சொல்லலாம்னு பாப்பேன். எப்டிச் சொல்றது? அந்த நேரத்துல அவரு வெளிய வரமாட்டாரு. உள்ளதான் இருப்பாரு."

உட்கார்ந்துவிட்டாள்.

புகழேந்தி முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். நாலு மாதம் காலையில் அவன் பார்த்தான். நாலு மாதம் மதியத்தில் அவள் நின்றாள்.

முதலில் எழுந்தவர் டீக்கடைக்காரர். "சார், எனக்கும் சைபர அடிச்சிட்டு அரைன்னு போடுங்க. கல்லு வரைக்கும் போய் எதிர்க் கடைக்கு டீ வேணுமான்னு கத்திட்டு வருவேன்."

"எனக்கும் அரை. ஸ்கூல் வேன்ல இருந்து புள்ள அந்தப் பக்கம் எறங்குது. கல்லாண்ட நின்னுதான் பாக்கறேன்."

"எனக்கு முக்கால்," என்றார் ஜானி பாஷா. "மேல ஏறிட்டேன். அந்தப் பக்கம் எறங்க பயந்து திரும்பி வந்துட்டேன்."

பூஜா மேடையோரம் நின்று வேகவேகமாக எழுதினாள். பாலாஜி எதுவோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்து அவருடைய மனைவியே சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். மாவு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். பொறியாளர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி ஒரு முறை கேட்டுப் பார்க்கச் சொல்வதாகவும், மேலே எழுதுவதாகவும், தன் கையில் எதுவும் இல்லை என்றும் சொன்னார். கூட்டம் முடிந்தது. எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள்.

*

வாசலில் ஜானி பாஷா ஸ்கூட்டரை உதைத்தார். "நான் கெளம்பறேன். எனக்கு ஆர்டர் கீது."

"பாய், நான் எப்டி வர்றது?"

"நடந்து வா," என்று சொல்லிவிட்டுப் போயே விட்டார்.

மதிவதனி கேட் பக்கத்தில் நின்றாள். கவிநிலா முன்னால் நடந்துபோனாள்.

"சாப்ட்டியா?" என்றான் புகழேந்தி.

"ஜூஸ் குடிச்சேன்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கேப் இருக்கும் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். அவன் பின்னால் போனான். பக்கத்தில் போக இடமில்லை. கால்வாய் மூடி ஓர் ஆள் அகலம், அதிலும் பாதிக்கு மணல் கொட்டியிருந்தது. புதுக் கட்டடம் ஒன்றுக்குக் கம்பி இறக்கி வைத்திருந்தார்கள். அங்கே ரோட்டில் இறங்கி, ஹாரன் வாங்கி, மறுபடி ஏற வேண்டும். நாலு மாதத்துப் பேச்சை அவன் அவள் முதுகைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"கையெழுத்துப் போடல."

"இன்னா?"

"கையெழுத்து! போடல!"

"கத்தாதய்யா. எனக்குத் தெரியும். போட்டிருந்தா இந்நேரம் இடிச்சிருப்பாங்க."

ஒரு டேங்கர் போனது. அது போகும்வரை இருவரும் ஒரு வேப்ப மரத்தோடு ஒட்டி நின்றார்கள்.

"எனக்கு வீடு குடுக்கறதுல கோவமில்ல," என்றாள் நடந்துகொண்டே. "முட்டி வலிக்குது. லிப்ட் இருந்தா நல்லதுதான். ஆனா பால்கனில நின்னா மலை தெரியும்னு சொன்ன பாரு, அன்னைக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. தம்பி வீடும்தான் தெரியும். தெரிஞ்சி? நின்னு கையாட்டவா? எறங்கிப் போவ வழியிருக்கான்னு கேட்டியா அவன? என்னக் கேட்டிருந்தா நான் கேட்டிருப்பேன்."

"இப்பக் கேக்கறேன்."

"நாலு மாசம் கழிச்சி."

"மொத நாளு தூரம்னு வரல மதி. அப்புறம், மொத நாளு ஏன் வரலன்னு கேப்பியேன்னு வரல."

அவள் நின்றாள். திரும்பவில்லை. பிறகு நடந்தாள்.

"சித்ரா பௌர்ணமிக்கு வந்தேன்," என்றான்.

"எங்க வந்த?"

"டிரான்ஸ்பார்மர் வரைக்கும். தள்ளிட்டாங்க."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கேப் வந்தது. சிக்னல் கிடையாது. குடைக்குக் கீழே ஒரு போக்குவரத்துக் காவலர் மோர் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இரண்டு லைனைத் தாண்டி, நடுவில் நின்று, இன்னும் இரண்டு லைனைத் தாண்டி, தென்புறம் வந்து சேர்ந்தார்கள்.

"சரி, நீ போ," என்றாள் மதிவதனி. "நான் திரும்பறேன். அங்க அஞ்சு கிலோ ஊறுது."

"தனியாவா தாண்டுவ? நில்லு."

அவளைக் கொண்டுபோய் மலைப் பக்கம் விட்டான். விட்டுவிட்டுத் திரும்பினான்.

"யோவ், எங்க போற? ஹாரன் அடிச்சா நட்ட நடுவுல நின்னுடுவ நீ. இரு, வரேன்." அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் ரோட்டில் வைத்து அவள் அவன் கையைப் பிடித்தது கிடையாது.

காவலர் மோர் பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, போனீங்க. வந்தீங்க. மறுபடியும் போறீங்க. உங்களுக்கு வீடு எந்தப் பக்கம்?"

புகழேந்திதான் பதில் சொன்னான்.

"கேட்டுக்கினுதான் இருக்கேன் சார். இன்னும் சொல்லல."

காவலர் அவளைப் பார்த்தார். புகழேந்தியும் பார்த்தான். வெயிலில் அவள் முகம் சிவந்திருந்தது. பிடித்த கையை விடாமல், இன்னொரு கையால் இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"கவி... ஊறினத நீ அரைச்சிடு. இல்ல, நான் வரல. நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடறேன்... நடந்துதான். இவரு கூட்டியாருவாரு. தெனமும்தான் கூட்டியாருவாரு. கல்ல எடுக்கறவரைக்கும் வேற இன்னா வேல இவருக்கு?"

போனைச் செருகினாள்.

"இன்னைக்கு அந்தப் பக்கம் சார்," என்றாள்.

காவலர் கையைக் காட்டியிருந்தால் வண்டிகள் நின்றிருக்கும். அவர் காட்டுவதற்குள் ஒரு செங்கம் பஸ் வந்துவிட்டது. அதன் பின்னால் செங்கல் லாரி. அதன் பின்னால் வரிசையாகக் கார்கள்.

"போவட்டும், இரு," என்றாள் மதிவதனி.

புகழேந்தி இருந்தான்.